கூரையும் கோபுரமும்

சங்க காலத்தில் காஞ்சிபுரத்துக்குப் போகும் வழியைச் சொல்லும் நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படைதான் அது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனைத் தொண்டைமான் இளந்திரையனின் கச்சி நகருக்கு அனுப்பிவைக்கிறான். 500 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் வழிநெடுக ஊர்கள் வருகின்றன. நிலம் மாற மாறக் கூரையும் மாறுகிறது. பாலை நிலத்து எயினர் குடிசைக்கு ஈந்தின் இலை. முல்லை நிலத்துச் சீறூரில் வரகு வைக்கோல். மருத நிலத்தில் புதிய வைக்கோல். வலைஞர் குடியிருப்பில் தருப்பைப் புல்.

வலைஞர் குடிசையைப் பற்றிப் புலவர் தருவது கிட்டத்தட்ட ஒரு கட்டுமானக் குறிப்பு. வேழக் கோல்களை வரிசையாக நிறுத்தி, இடையிடையே வெண்மையான மரக்கொம்புகளைக் கலந்து, தாழை நாரால் முடிந்து, மேலே தருப்பையை வேய்ந்து, குட்டையான இறப்பு (கூரையின் தொங்கும் விளிம்பு) விட்டிருக்கிறார்கள். தாங்கும் கோல், குறுக்குக் கொம்பு, கட்டும் நார், மூடும் புல் என்று நான்கும் சரியான வரிசையில் வருகின்றன. இன்றும் கூரை வேய்பவர் ஒருவர் இதே வரிசையில்தான் வேலை செய்கிறார்.

நம் காலத்தில் கூரை வீடு என்றால் வறுமை என்றே பொருள் கொள்கிறோம். அந்த எண்ணத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் அறிவியல் கண்ணோடு பார்த்தால், கூரை என்பது நான்கு எதிரிகளோடு பல நூற்றாண்டுகள் நடந்த போராட்டத்தின் விளைவு. மழை, வெயில், மட்கல், தீ ஆகியவை அந்த நான்கு. முதல் மூன்றையும் கூரை மிகத் திறமையாகச் சமாளித்தது. நான்காவதிடம் தோற்றது. எப்படிச் சமாளித்தது, ஏன் தோற்றது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் அடுத்த கூரையை நன்றாகப் போட முடியும்.

கல்லில் பதிந்த கூரை

ஓலையும் வைக்கோலும் மட்கிப் போய்விடும். ஆகவே பழங்காலக் கூரை எப்படி இருந்தது என்பதற்கு நேரடிச் சான்று கிடைப்பது அரிது. இந்தக் குறையைப் பல்லவர்கள் தீர்த்துவைத்தார்கள். மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையில் குடைந்த திரௌபதி ரதத்தின் மேற்பகுதி, நான்கு பக்கமும் சரிந்து இறங்கும் ஒரு குடிசைக் கூரையின் வடிவம். பக்கவாட்டில் லேசாகப் புடைத்து இறங்கும் வளைவுகூடச் செதுக்கப்பட்டிருக்கிறது. அருகிலுள்ள பீம ரதத்தின் கூரை, மூங்கிலை வளைத்து வேய்ந்த நீண்ட கூண்டு வண்டிக் கூரையின் அமைப்பு.

காஞ்சிபுரத்தில் ராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் கூரை விளிம்புகளைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். வளைந்து கீழிறங்கும் கல் விளிம்பு, தாழ்ந்து தொங்கும் கூரையின் இறப்பை ஒத்தது. அதில் வரிசையாக இருக்கும் குதிரை லாட வடிவக் கூடுகள், வளைவுக் கூரையின் முன்முகப்பை ஒத்தவை. ஏகாம்பரநாதர் கோயிலில் கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ராஜகோபுரத்தின் உச்சியிலும் நீண்ட வளைவுக் கூரைதான் இருக்கிறது. அதன் முகட்டில்தான் கலசங்கள் நிற்கின்றன. மரமும் புல்லும் கொண்டு வேலை செய்தவர்கள் கண்டறிந்த வடிவத்தைக் கல் தச்சர்கள் தெய்வத்துக்கு உரியதாக ஏற்றுக்கொண்டார்கள்.

எலும்பும் தோலும்

கூரையின் எலும்புக்கூட்டிலிருந்து தொடங்குவோம். மேலே நீளவாக்கில் முகட்டு வளை. அதிலிருந்து இருபுறமும் சரியும் கைமரங்கள். அவற்றின் குறுக்கே நெருக்கமாக வரிச்சுகள். கைமரத்துக்கு நம் ஊரில் காலங்காலமாகப் பனை. ஏரிகள் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் கரைகளில் நிற்கும் பனைகளே அதற்குப் போதும்.

பனை ஒருவித்திலைத் தாவரம். தேக்கு, வேம்பு போல ஆண்டுதோறும் வளையம் வளையமாகத் தடிப்பதில்லை. அதன் நார்க்கற்றைகள் தண்டின் வெளிப்பகுதியில் நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் இருக்கின்றன. முற்றிய பனையின் வெளிப்பகுதி கருத்து, இரும்பாக இறுகியிருக்கும். நடுச்சோறு மென்மையானது, சீக்கிரம் மட்கும். அதனால்தான் மரத்தை நீளவாக்கில் பிளந்து, நடுச்சோற்றை நீக்கி, வெளிப்பகுதியை மட்டும் சட்டமாக எடுக்கிறார்கள். வளைக்கும் விசைக்கு ஈடு கொடுக்கும் பொருள் எங்கே இருக்கிறது என்பதைச் சோதனைக்கூடம் இல்லாமலே கண்டுபிடித்த அறிவு இது.

மேலே போர்த்துவது ஊருக்கு ஊர் வேறு. பனையோலை, வைக்கோல், விழல், கரும்புச் சோகை எல்லாம் உண்டு. தென்னை மிகுந்த இடங்களில் கீற்று. மட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு முடைவார்கள். ஊறவைப்பதில் இரண்டு பயன். ஓலை ஒடியாமல் வளையும். ஓலைக்குள் இருக்கும் சர்க்கரை போன்ற கரையும் பொருள்கள் நீரில் இறங்கிவிடும். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அவைதான் முதல் தீனி.

முதல் எதிரி: மழை

கூரையில் ஓட்டை இருக்கிறது. வைக்கோலுக்கு வைக்கோல், ஓலைக்கு ஓலை இடைவெளி உண்டு. அப்படியிருந்தும் ஐப்பசி அடைமழையில் அது ஒழுகாமல் நிற்கிறது. பறவையின் இறகு நனையாமல் இருப்பதற்கும் இதற்கும் ஒரே அடிப்படைதான்: எந்தத் துளியும் ஓரிடத்தில் நிற்கக் கூடாது.

ஓலையின் மேல்தோலில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருக்கிறது. விழுந்த துளி ஊறாமல் வழுக்குகிறது. ஓர் ஓலையின் நுனிக்கு வந்ததும் அடுத்த ஓலையின் முதுகில் விழுகிறது. இப்படி நுனிக்கு நுனி தாவி இறப்புக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. நன்றாக வேய்ந்த தடித்த வைக்கோல் கூரையில், நாள் முழுக்க மழை பெய்தாலும் நனைவது மேலே உள்ள சில சென்டிமீட்டர்தான். உள்ளே கை விட்டால் உலர்ந்திருக்கும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. குறுகிய இடைவெளிக்குள் நீர் தானாகவே மேலேறும். நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்திருப்போம். நீரில் முழுதாக நனையும் பொருளில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள புழையில் நீர் சுமார் 15 மில்லிமீட்டர் ஏறும். புழை பத்தில் ஒரு பங்காகக் குறுகினால் ஏற்றம் பத்து மடங்காகும், அதாவது 15 சென்டிமீட்டர். ஓலையின் மெழுகு இதைப் பெரிதும் குறைக்கிறது. ஆனால் வெயில் பட்டு மெழுகு தேய்ந்த பழைய ஓலையில் நீர் ஏறத் தொடங்கும். ஒரு வரிசைக்கு மேல் அடுத்த வரிசையைத் தாராளமாக ஏற்றி வேய்வது இதற்காகத்தான். கீற்றின் அகலம் இரண்டடி என்று கொள்வோம். அரையடிக்கு ஒரு வரிசை வைத்தால், கூரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே நான்கு அடுக்கு இருக்கும். ஓரடிக்கு ஒரு வரிசை என்று சிக்கனம் பிடித்தால் இரண்டே அடுக்கு.

இன்னொன்று சரிவு. ஏறத்தாழ 45 பாகைக்குக் குறையாமல் கூரை சாய்ந்திருக்க வேண்டும். வைக்கோல் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதால், ஒவ்வொரு தாளின் சாய்வும் கூரையின் சாய்வைவிடக் குறைவுதான். கூரையையே படுக்கையாகப் போட்டால் தாள்கள் கிடைமட்டமாகிவிடும், நீர் நுனிக்குப் போகாமல் உள்நோக்கி ஓடும்.

இரண்டாம் எதிரி: வெயில்

சித்திரை வெயிலில் காஞ்சிபுரத்தில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். உச்சி வேளையில் ஒவ்வொரு சதுர மீட்டர் கூரை மீதும் ஏறத்தாழ 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. கூரை வீட்டுக்குள் நுழைந்தவுடன் உடம்பு உணரும் குளுமைக்குக் காரணம் வைக்கோலைவிட அதற்குள் அடைபட்ட காற்று.

அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது. அதன் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு, ஒரு பாகைக்கு 0.026 வாட் அளவு. காற்றைப் பொதிந்த வைக்கோல் அடுக்கு சுமார் 0.07. கான்கிரீட் ஏறத்தாழ 1.5. இரும்பு 50 போல. கணக்குப் போட்டுப் பார்த்தால், 15 சென்டிமீட்டர் வைக்கோல் அடுக்கு தரும் வெப்பத் தடையைக் கான்கிரீட்டில் பெற மூன்று மீட்டருக்கு மேல் தடிப்பு வேண்டும். காற்றுக் கசிவால் நடைமுறையில் வைக்கோலின் பலன் கொஞ்சம் குறையும். அப்போதும் இடைவெளி பெரிது.

இரவில் வேறொரு கணக்கு. பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தில் சதுர மீட்டருக்கு 240 கிலோ பொருள் இருக்கிறது. பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை அது சேமித்து, மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் கீழே படுத்திருப்பவர்கள் மீது வீசுகிறது. கூரையின் எடை மிகக் குறைவு. சேமிக்க அதனிடம் இடமில்லை. பொழுது சாய்ந்த சற்று நேரத்தில் ஆறிவிடும்.

தகரமும் கல்நார்த் தகடும் பகல் வெயிலிடம் தோற்கின்றன. வெப்பத்தைத் தடுக்கும் தடிப்பு அவற்றுக்கு இல்லை. நண்பகலில் தகட்டின் அடிப்புறம் கொதித்து, கீழே இருப்பவரின் தலைமீது நேரடியாகக் கதிர்வீச்சைப் பொழிகிறது. அறைக் காற்றின் வெப்பத்தைக் காட்டும் வெப்பமானியில் இந்த வேதனை முழுதாகத் தெரியாது. உடம்பு சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பத்தையும் சேர்த்தே உணர்கிறது. தகட்டு வீட்டின் மேல் கோடையில் கீற்றைப் பரப்பி வைக்கும் குடும்பங்கள் இந்த இயற்பியலை அனுபவத்தில் அறிந்தவர்கள்.

கூரையும் தறியும்

காஞ்சிபுரத்தில் கூரை மனிதர்களை மட்டும் காக்கவில்லை, பட்டையும் காத்தது. பட்டு ஈரத்தை உறிஞ்சும் இழை. காற்றில் 65 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும்போது, பட்டு தன் உலர் எடையில் சுமார் 11 விழுக்காடு நீரைத் தன்னுள் வைத்திருக்கும். அந்த நீர்தான் இழைக்கு நெகிழ்வு தருகிறது. காற்று வறண்டால் இழையும் வறளும். இழுபட்டு நீளும் தன்மை குறைந்து, பாவில் இழை அறுவது கூடும்.

காற்றில் இருக்கும் நீராவி மாறாமல் வெப்பம் மட்டும் ஏறினால் என்ன ஆகும்? 32 பாகையில் 60 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 38 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 43 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். சூடான தகட்டின் கீழே தறி போட்டால் நடப்பது இதுதான். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து குழிக்குள் காலை விட்டு மிதிக்கிறார். மண்ணின் குளுமையும் ஈரமும் தறிக்கு அருகிலேயே இருக்கின்றன. மேலே வெப்பத்தைத் தடுக்கும் சரிவுக் கூரையும் கீழே மண் குழியுமாக, அறையின் ஈரப்பதம் அதிகம் ஏறி இறங்காமல் நிற்கும்.

கூரைக்கும் பட்டுக்கும் உள்ள உறவு ஜப்பானிலும் உண்டு. யுனெஸ்கோ 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஷிராகவா-கோ கிராமத்தில், ஏறத்தாழ 60 பாகை சரிவுள்ள பெரிய புல் கூரைகளின் உள்ளே பல தளங்கள் அமைத்துப் பட்டுப்புழு வளர்த்தார்கள். அங்கே ஒரு வீட்டுக்குக் கூரை மாற்றும்போது ஊரே கூடி வேலை செய்கிறது.

மூன்றாம் எதிரி: மட்கல்

ஓலையும் வைக்கோலும் பூஞ்சைக்கு உணவு. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். பொருளின் ஈரம் அதன் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் அதை அரிக்க முடியாது. எனவே கூரையின் ஆயுள் அது எவ்வளவு நனைகிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் உலர்கிறது என்பதைப் பொறுத்தது. மர நிழலில் இருக்கும் கூரை சீக்கிரம் மட்குவதும், காற்றோட்டமான இடத்தில் நீடிப்பதும் இதனால்தான். வைக்கோலுக்கு இன்னொரு கவசமும் உண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் தாளில் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கனிமம் பூஞ்சையின் வேலையைத் தாமதப்படுத்துகிறது.

அடுத்தது புகை. பெரும்பாணாற்றுப்படை காட்டும் முல்லை நிலத்துச் சீறூரிலும் கொட்டிலைப் புகை சூழ்ந்திருக்கிறது. விறகுப் புகையில் பீனால் வகைப் பொருள்களும் தாரும் இருக்கின்றன. அவை ஓலையின் அடிப்பக்கத்தில் கரியாகப் படிந்து பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டுகின்றன. அடுப்பின் வெப்பம் கூரையை உள்ளிருந்து உலர்த்துகிறது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இதற்கு வியப்பான சான்று உண்டு. அங்கே பழைய வீடுகளில் மேலே புதுப் புதுக் கூரை ஏற, அடியிலுள்ள புகை படிந்த முதல் அடுக்கு 500 ஆண்டுகளுக்கும் மேலாக மட்காமல் கிடக்கிறது. இடைக்காலத்தில் பயிரிட்ட கோதுமையின் தாளையும் கதிரையும் அதிலிருந்து எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

கூரையைக் காத்த அதே புகை, அடுப்பின் முன் அமர்ந்த பெண்களின் நுரையீரலைச் சிதைத்தது. எரிவாயு அடுப்பு வந்தது பெரிய விடுதலை. புகை போனதால் கூரையின் காவல் ஒன்றும் போயிற்று.

குட்டையான நெல்

1966-இல் ஐ.ஆர்.8 நெல் வெளிவந்தது. தண்டை நீளச் செய்யும் ஜிப்பரலின் என்ற வளரூக்கியின் உற்பத்தியைக் குறைக்கும் ஒரு மரபணு மாற்றம் அதில் இருக்கிறது. பயிர் குட்டையாக நின்றதால் உரம் போட்டாலும் சாயவில்லை. விளைச்சல் பெருகி, பஞ்சம் அகன்றது. ஆனால் வைக்கோலும் குட்டையாயிற்று. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் காட்டுயானம் போன்ற மரபு நெல்லின் தாள், ஒரு மீட்டர் உயரமே வளரும் புதுநெல்லில் கிடைக்காது. அடுத்து வந்த அறுவடை இயந்திரம் தாளை நசுக்கித் துப்பியது. நசுங்கிய தாளின் குழல் உடைந்து, காற்றையும் பிடிக்காது, நீரையும் வழியவிடாது.

இதே நெருக்கடியைச் சந்தித்த இங்கிலாந்தில், 1964-இல் வெளியான மாரிஸ் விட்ஜன் என்ற நீளத்தாள் கோதுமையைக் கூரைக்கென்றே இன்றும் சிலர் பயிரிடுகிறார்கள். நம் ஊரில் கூரைக்கென்று யாரும் அப்படி நெல்லைத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை.

நான்காம் எதிரி: தீ

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். தீ அந்தப் பள்ளியின் கீற்றுக் கூரையில் பரவியது. அந்த நாளுக்குப் பிறகு பள்ளிகளில் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அது சரியான முடிவு.

கூரையைக் குளுமையாக்கிய அதே அமைப்புதான் அதைத் தீக்கு இரையாக்குகிறது. மெல்லிய தாள்களும் இடையே காற்றும் இருப்பதால், எரிபொருளும் ஆக்சிஜனும் ஏற்கெனவே கலந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. சூடான வாயு மேலெழும்போது சரிவான கூரை அதை முகடு வரை வழிநடத்துகிறது. கீழே பற்றிய நெருப்பு மேலிருக்கும் ஓலையை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. முகட்டில் சேர்ந்ததும் தீப்பொறி காற்றில் பறந்து அடுத்த கூரையில் விழும். ஒரு குடிசை பற்றினால் தெருவே எரிந்துபோவது இப்படித்தான்.

தீயைத் தடுக்கும் முயற்சிகள் நடந்தன. போரிக் அமிலம், அம்மோனியம் பாஸ்பேட் போன்ற வேதிப்பொருள்களின் கரைசலில் ஓலையை நனைத்தால் தீப்பற்றுவது தாமதமாகும். ஆனால் நீரில் கரையும் அவற்றை மழை கழுவிவிடும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், தார் கலந்த கரையாத மண் சாந்தைக் கூரைமீது பூசும் முறையை உருவாக்கியது. எனினும் ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டிய கீற்றுக்கு இவ்வளவு செலவு செய்ய ஏழைக் குடும்பத்தால் ஆகவில்லை.

அடுத்த கூரை

ஆண்டுதோறும் கீற்றுக்கும் கூலிக்கும் பணம் தேடி, மழையில் ஒழுகி, தீயில் எல்லாவற்றையும் இழந்தவர்களிடம் கூரையின் பெருமையைப் பேச நமக்கு உரிமை இல்லை. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்கோடு, 8 லட்சம் வீடுகள் கட்டும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அரசு 2024-இல் அறிவித்தது. ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். தீயிலிருந்து காக்கும் உறுதியான வீடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைத்தே ஆக வேண்டும்.

ஆனால் கோடை ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகும் காலத்தில், தீயை வென்ற கூரை வெயிலிடம் தோற்கக் கூடாது. காற்றை அடைத்துவைக்கும் ஓர் அடுக்கு, சூடான காற்று வெளியேற முகட்டில் ஒரு வழி, சுவரில் வெயில் படாமல் காக்கும் நீண்ட இறப்பு என்ற மூன்றும் எரியாத பொருள்களிலும் சாத்தியம். தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு, அதற்கு மேல் இடைவெளி விட்ட ஓடு என்று எளிய வழிகளும் உண்டு. அவற்றைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். தறி போடும் வீடுகளுக்கு இது இரட்டிப்புத் தேவை.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பொறியாளரிடம் சதுர அடி விலையைக் கேட்பதோடு, மே மாத நண்பகலில் இந்தத் தளத்தின் அடிப்புறம் எவ்வளவு சூடாகும் என்றும் கேளுங்கள். உங்கள் ஊரில் கூரை வேய்ந்த பெரியவர் யாராவது இருந்தால், எந்தப் புல், எந்தச் சரிவு, எத்தனை அடுக்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர் தலைமுறை சொல்லாமல் விட்டுவிட்டால் அந்தக் கணக்கைத் திரும்பப் பெற நமக்கு வேறு ஏடு கிடையாது.